ஒரே ஜார், இரண்டு இடம்: ஜாவா வெப் சர்வர் ஒரு கிளாஸை எங்கிருந்து எடுக்கிறது?

2021 டிசம்பரில், சர்வரில் நடப்பதைப் பதிவேட்டில் எழுத உதவும் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பில்) இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. சிவிஇ-2021-44228 என்று எண்ணிடப்பட்டு, லாக்4ஷெல் என்று பெயர் பெற்ற அந்த ஓட்டைக்கு ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. சர்வர் தன் பதிவேட்டில் எழுதும் ஒரு வரிக்குள் தாக்குபவரின் எழுத்துகள் நுழைந்துவிட்டால் போதும், அவருடைய நிரல் அந்தச் சர்வரில் ஓடிவிடும். செய்ய வேண்டியது என்னவோ சிறிய வேலைதான்: லாக்4ஜே-கோர் என்ற ஜார் கோப்பை (அந்த லைப்ரரி அடங்கிய மூட்டையை) எடுத்துவிட்டுத் திருத்திய பதிப்பை வைக்க வேண்டும். ஆனால் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் அந்த நாள்களில் திணறியது அதற்கு முந்தைய கேள்விகளில். அந்த ஜார் நம்மிடம் எங்கே இருக்கிறது? எத்தனை இடத்தில் இருக்கிறது? இப்போது ஓடிக்கொண்டிருப்பது அவற்றில் எது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாததுதான் அன்றாடத் தொல்லைகள் பலவற்றுக்கும் வேர். "என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை" என்பதும், "ஜார் கண் முன்னால் இருக்கிறது, ஆனால் கிளாஸ் இல்லை என்கிறது" என்பதும் இதே குழப்பத்தின் வேறு முகங்கள். ஜாவா ஒரு கிளாஸை எப்படித் தேடுகிறது என்பதை அடியிலிருந்து பார்த்தால் இவை பெரும்பாலும் விளங்கிவிடும். சர்வருக்கு இங்கே, ஜாவா வெப் செயலிகளை ஓட்டும் அப்பாச்சி டாம்கேட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

## அடிப்படைச் சொற்கள்

ஜாவா நிரலைக் கம்பைல் செய்தால், அதாவது ஜாவா ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றினால், நிரலின் தனிப் பகுதியான ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கிளாஸ் கோப்பு கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான கிளாஸ் கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டைதான் ஜார். உள்ளே பார்த்தால் அது ஒரு ஜிப் கோப்பு. எந்த ஜிப் மென்பொருளாலும் திறந்து பார்க்கலாம். ஒரு வெப் செயலி முழுவதையும் அதே முறையில் கட்டினால் அது வார் கோப்பு. வார் கோப்புக்குள் வெப்-இன்ஃப் என்ற ஃபோல்டர் இருக்கும். செயலியின் சொந்தக் கிளாஸ்கள் வெப்-இன்ஃப்/கிளாஸஸ் என்ற இடத்திலும், அது பயன்படுத்தும் ஜார்கள் வெப்-இன்ஃப்/லிப் என்ற இடத்திலும் இருக்க வேண்டும் என்பது சர்வ்லெட் விதி (பிரவுசரின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்தான் சர்வ்லெட்). பிரவுசரிலிருந்து வரும் எவரும் வெப்-இன்ஃபுக்குள் இருப்பதை நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது என்பதும் அதே விதியில் உண்டு.

கிளாஸ்பாத் என்பது தேட வேண்டிய இடங்களின் பட்டியல். அதில் ஃபோல்டர்கள் இருக்கலாம், ஜார்கள் இருக்கலாம். லினக்ஸில் முக்காற்புள்ளியாலும், விண்டோஸில் அரைப்புள்ளியாலும் இடங்களைப் பிரிக்க வேண்டும். பலர் தடுக்கி விழும் நுணுக்கம் ஒன்று இங்கே உண்டு. ஒரு ஃபோல்டரின் பெயரை மட்டும் கொடுத்தால் அதில் உள்ள கிளாஸ் கோப்புகளைத்தான் ஜாவா பார்க்கும். ஜார்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜார்களும் வேண்டுமென்றால் ஃபோல்டர் பெயருக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட வேண்டும். அந்த நட்சத்திரம் உள்ஃபோல்டர்களுக்குள் இறங்காது. ஜார்களை எந்த வரிசையில் எடுக்கும் என்ற உறுதியும் அதில் இல்லை.

வரிசை ஏன் முக்கியம்? ஒரே பெயருள்ள கிளாஸ் இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் கண்ணில் படுவதை ஜாவா எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ஒன்று இருக்கிறது என்று எச்சரிக்கவும் செய்யாது.

## தேடுவது யார்?

பட்டியல் தானாகத் தேடாது. தேடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கிளாஸ் லோடர். ஜாவாவில் கிளாஸ் லோடர்கள் பல உண்டு, அவை பெற்றோர்-பிள்ளை முறையில் அடுக்கப்பட்டிருக்கும். உச்சியில் பூட்ஸ்ட்ராப் லோடர். ஸ்ட்ரிங், ஆப்ஜெக்ட் போன்ற ஜாவாவின் அடிப்படைக் கிளாஸ்கள் அதன் பொறுப்பு. அதற்குக் கீழே ஜாவா 8 வரை எக்ஸ்டென்ஷன் லோடர் இருந்தது. ஜாவா 9-லிருந்து அந்த இடத்தில் பிளாட்ஃபார்ம் லோடர் இருக்கிறது. அதற்கும் கீழே சிஸ்டம் லோடர். நாம் கட்டளை வரியில் கொடுக்கும் கிளாஸ்பாத்தைப் படிப்பது இதுதான்.

ஒரு கிளாஸ் வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டால், அது முதலில் பெற்றோரைக் கேட்கும். பெற்றோர் கையை விரித்தால்தான் தானே தேடும். இதுதான் ஜாவாவின் வழக்கமான ஏற்பாடு. யாராவது ஸ்ட்ரிங் என்ற பெயரில் ஒரு போலிக் கிளாஸை எழுதி நுழைத்துவிடாமல் இருக்க இது ஒரு காவல்.

இந்த அடுக்கில் மனத்தில் பதிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பெற்றோரிடம் இருப்பது தெரியும். பெற்றோருக்குப் பிள்ளையிடம் இருப்பது தெரியவே தெரியாது. பார்வை கீழிருந்து மேலே மட்டும்தான் போகும். சர்வரில் வரும் புதிரான பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒருவழிப் பாதையிலிருந்துதான் பிறக்கிறது.

## டாம்கேட்டின் தேடல் வரிசை

டாம்கேட்டில் ஒரே ஜாவா இயந்திரத்துக்குள் (ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் மென்பொருள்) பல செயலிகள் ஓடலாம். ஒரு செயலிக்கு ஒரு லைப்ரரியின் பழைய பதிப்பு வேண்டும், பக்கத்துச் செயலிக்குப் புதிய பதிப்பு வேண்டும் என்ற நிலை சாதாரணமாக வரும். அதனால் ஒவ்வொரு செயலிக்கும் டாம்கேட் தனித்தனி கிளாஸ் லோடரைத் தருகிறது. அந்த வெப் செயலி லோடர்களுக்கெல்லாம் பொதுவான பெற்றோர் காமன் லோடர். டாம்கேட்டை நிறுவிய இடத்தில் இருக்கும் லிப் ஃபோல்டரைப் படிப்பது அதன் வேலை.

இங்கே இரண்டு இடங்களில் வழக்கம் மாறுகிறது.

முதலாவது, கணினியில் கிளாஸ்பாத் என்ற சூழல் மாறியை எப்படி அமைத்து வைத்திருந்தாலும் டாம்கேட் அதைக் கண்டுகொள்ளாது. அதன் தொடக்க ஸ்கிரிப்ட் அந்த மாறியைக் காலி செய்துவிட்டு, தனக்கு வேண்டிய பூட்ஸ்ட்ராப் ஜாரையும் டாம்கேட்-ஜூலி ஜாரையும் மட்டும் சேர்த்துக்கொள்ளும். "கிளாஸ்பாத்தில் போட்டும் எடுக்கவில்லையே" என்ற முறையீட்டுக்கு விடை இதுதான். கட்டாயம் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பின் ஃபோல்டரில் செட்என்வ் என்ற ஸ்கிரிப்ட் எழுதி அதில் சேர்க்கலாம். ஆனால் அதற்கு உண்மையான தேவை வருவது மிக அரிது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பல இன்னமும் சூழல் மாறியை அமைக்கச் சொல்கின்றன. அவற்றைப் பின்பற்ற வேண்டாம்.

இரண்டாவது, வெப் செயலி லோடர் பெற்றோரை முதலில் கேட்பதில்லை. தன் வீட்டில் தேடிவிட்டுத்தான் வெளியே போகிறது. சர்வ்லெட் விதியே இதைப் பரிந்துரைக்கிறது. ஆக, ஒரு செயலி ஒரு கிளாஸைக் கேட்கும்போது டாம்கேட் தேடும் வரிசை இது:

1. ஜாவாவின் அடிப்படைக் கிளாஸ்கள்.
2. செயலியின் வெப்-இன்ஃப்/கிளாஸஸ்.
3. செயலியின் வெப்-இன்ஃப்/லிப்பில் உள்ள ஜார்கள்.
4. சிஸ்டம் லோடர், அதாவது டாம்கேட்டைத் தொடங்கும்போது கொடுத்த கிளாஸ்பாத்.
5. காமன் லோடர், அதாவது டாம்கேட்டின் லிப் ஃபோல்டர்.

செயலியின் அமைப்புக் கோப்பில் லோடர் பகுதிக்கு டெலிகேட் என்ற பண்பை 'ட்ரூ' என்று வைத்தால், 4-உம் 5-உம் முன்னால் வந்துவிடும். ஜாவாவின் அடிப்படைக் கிளாஸ்களையும், சர்வ்லெட், ஜேஎஸ்பி (ஜாவா கலந்து எழுதும் வெப் பக்கம்) போன்று சர்வரே வழங்கும் ஏபிஐ-களையும் (நிரல்கள் அழைக்கும் பொது இடைமுகங்கள்) மட்டும் செயலியால் மேலெழுத முடியாது. வெப்-இன்ஃப்/லிப்பில் ஒரு சர்வ்லெட் ஏபிஐ ஜாரை வைத்தாலும் டாம்கேட் அதைச் சேர்க்காமல் ஒதுக்கிவிடும்.

மூன்றாவது படியில் ஒரு பொறி இருக்கிறது. வெப்-இன்ஃப்/லிப்புக்குள் இருக்கும் ஜார்களுக்கு இடையில் எது முதலில்? டாம்கேட் 7 வரை பெயர் வரிசையில்தான் நடைமுறையில் நடந்தது. டாம்கேட் 8-லிருந்து அந்த வழக்கம் போய்விட்டது. கோப்பு முறைமை எந்த வரிசையில் தருகிறதோ அதுதான். ஒரே வார் கோப்பு ஒரு சர்வரில் ஒழுங்காகவும், அச்சு அசலாக அதைப்போலவே தெரியும் இன்னொரு சர்வரில் கோளாறாகவும் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வரிசையை நம்பிச் சரியாக ஓடும் செயலி இன்னும் பழுது தெரியாத செயலி, அவ்வளவே.

டெவலப்பரின் கணினியில் பல நேரம் இந்த அடுக்கே இருப்பதில்லை. எடிட்டருக்குள்ளிருந்து நேரடியாக ஓட்டும்போது எல்லா ஜார்களும் ஒரே நீண்ட கிளாஸ்பாத்தில், ஒரே லோடரின் கீழ் கிடக்கும். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சர்வருக்குப் போனதும் சுவர்கள் முளைக்கின்றன.

## பெயர் ஒன்று, கிளாஸ் இரண்டு

ஜாவா இயந்திரத்துக்கு ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டும் கிடையாது. பெயரும், அதை ஏற்றிய லோடரும் சேர்ந்ததுதான் அடையாளம். ஒரே ஜாரை இரண்டு லோடர்கள் தனித்தனியே படித்தால், பைட் பைட்டாக ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டு வேறு கிளாஸ்கள்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள டிரைவரை (அந்தத் தரவுத்தளத்தோடு பேசும் லைப்ரரி) வைத்து இதைப் பார்க்கலாம். இணைப்புகளைச் செயலி உண்டாக்காமல், டாம்கேட்டே ஒரு டேட்டாசோர்ஸாக (இணைப்புகளை வழங்கும் பொருள்) உண்டாக்கித் தரும்படி அமைத்திருக்கிறோம். அதற்கு டிரைவர் ஜார் டாம்கேட்டின் லிப்பில் இருக்க வேண்டும், வைத்தாயிற்று. கூடவே, செயலியைக் கட்டித் தரும் பில்ட் கருவி அதே ஜாரை வெப்-இன்ஃப்/லிப்பிலும் சேர்த்துவிட்டது. சாதாரணத் தரவுத்தளக் கேள்விகள் எல்லாம் ஓடும், ஏனென்றால் கனெக்‌ஷன் என்ற பொது இன்டர்ஃபேஸ் ஜாவாவின் அடிப்படையில் இருக்கிறது, அது எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு நாள் போஸ்ட்கிரெஸுக்கே உரிய ஒரு வசதிக்காக, டாம்கேட் சுற்றித் தரும் உறையைக் கழற்றி உள்ளே உள்ள இணைப்பைப் பிஜிகனெக்‌ஷன் என்ற வகைக்கு மாற்றச் சொல்லி நிரல் எழுதுகிறார்கள். அந்த வரி கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் கொடுத்து விழுகிறது. போஸ்ட்கிரெஸ் இணைப்பைப் போஸ்ட்கிரெஸ் இணைப்பாக மாற்ற முடியாது என்கிறது. படித்தவர் தன் கண்ணையே சந்தேகிப்பார்.

நடந்தது இது: கையில் இருக்கும் இணைப்பைச் செய்தது காமன் லோடர் ஏற்றிய டிரைவர். நிரல் குறிப்பிடும் பிஜிகனெக்‌ஷன் வெப் செயலி லோடர் தன் லிப்பிலிருந்து ஏற்றியது. பெயர் ஒன்று, ஆள் வேறு. அண்மைக்கால ஜாவா பதிப்புகளில் அந்தப் பிழைச் செய்தியின் பின்பகுதியில் எந்தக் கிளாஸ் எந்த லோடருக்குச் சொந்தம் என்றும் எழுதியிருக்கும். பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். விடை இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. வெப்-இன்ஃப்/லிப்பில் உள்ள பிரதியை எடுத்துவிட்டால் சிக்கல் தீரும்.

## பிழைகள் சொல்லும் செய்தி

ஒன்றுபோலத் தெரியும் இந்தப் பிழைகள் வெவ்வேறு நோய்களின் அறிகுறிகள். பெயரைக் கவனித்துப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

1. கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன்: ஒரு கிளாஸின் பெயரை எழுத்தாகக் கொடுத்து நிரல் தேடச் சொன்னது, கிடைக்கவில்லை. ஜார் இல்லை, அல்லது பெயரில் பிழை, அல்லது தேடியவரின் பார்வைக்கு எட்டாத இடத்தில் ஜார் இருக்கிறது.

2. நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்: கம்பைல் செய்தபோது இருந்த கிளாஸ் ஓடும்போது இல்லை. ஒரு ஃபிரேம்வொர்க் ஜாரை டாம்கேட்டின் லிப்பில் வைத்துவிட்டு, அதற்குத் தேவையான துணை ஜாரை வெப்-இன்ஃப்/லிப்பில் விட்டால் இது வரும். மேலே உள்ள காமன் லோடருக்குக் கீழே இருப்பது தெரியாது. ஜார் கண்முன் இருந்தும் இல்லை என்று சொல்வது இதனால்தான். இதே பிழை, கிளாஸைத் தொடங்க முடியவில்லை என்ற குறிப்போடு வந்தால் கதை வேறு: கிளாஸ் கிடைத்தது, ஆனால் அதன் தொடக்கப் பகுதி முன்பே ஒருமுறை விழுந்துவிட்டது. அந்த முதல் விழுதலைப் பதிவேட்டில் மேலே போய்த் தேட வேண்டும்.

3. நோசச்மெத்தட்எரர்: கிளாஸ் கிடைத்தது, அதில் எதிர்பார்த்த மெத்தட் (கிளாஸுக்குள் உள்ள ஒரு செயல்பாடு) இல்லை. பெரும்பாலும் ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் மோதிக்கொள்கின்றன.

4. அன்சப்போர்ட்டட்கிளாஸ்வெர்ஷன்எரர்: புதிய ஜாவாவில் கம்பைல் செய்ததைப் பழைய ஜாவாவில் ஓட்டுகிறோம். செய்தியில் வரும் எண்ணை வைத்துப் பதிப்பை அறியலாம்: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் போதும்.

மூன்றாவதை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் அதிக நேரத்தைத் தின்பது அதுதான். கூகுளின் குவாவா லைப்ரரியில் பிரிகண்டிஷன்ஸ் என்ற கிளாஸ் இருக்கிறது. அதில் செக்ஆர்க்யுமென்ட் என்ற மெத்தட் ஒரு நிபந்தனையையும், ஒரு செய்தியையும், செய்திக்குள் செருக வேண்டிய மதிப்பையும் வாங்கிக்கொள்ளும். குவாவா 19 வரை அந்த மதிப்புகளை எத்தனை வேண்டுமானாலும் ஏற்கும் ஒரே வடிவம்தான் இருந்தது. குவாவா 20-இல் ஒரே ஒரு மதிப்பை வாங்கும் தனி வடிவத்தைச் சேர்த்தார்கள். மூல நிரலில் ஓர் எழுத்துகூட மாறாது. அதே வரி இரண்டு பதிப்புகளிலும் கம்பைல் ஆகும். ஆனால் 20-ஐ வைத்துக் கம்பைல் செய்தால், கிளாஸ் கோப்புக்குள் புதிய வடிவத்தின் முகவரி பதிந்துவிடும். சர்வரில் 19 முதலில் அகப்பட்டால், அந்த முகவரியில் யாரும் இல்லை. செக்ஆர்க்யுமென்ட் மெத்தட் இல்லை என்ற பிழை வரும். லைப்ரரியின் ஆவணத்தைத் திறந்து பார்த்தால் அந்த மெத்தட் பளிச்சென்று இருக்கும். பிழைச் செய்தியில் மெத்தட் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் வரும் வகைகளின் பட்டியலைப் படித்தால்தான் தேடியது எந்த வடிவத்தை என்று தெரியும்.

குவாவாவின் இரண்டு பதிப்புகளும் ஒரே லிப்பில் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு ஜாரிலும் உள்ள கிளாஸ்கள் முதல் ஜாரிலிருந்து வரும்; இரண்டாவதில் மட்டும் புதிதாக உள்ள கிளாஸ்கள் இரண்டாவதிலிருந்து வரும். யாரும் வெளியிடாத, யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு கலப்புப் பதிப்பு அந்தச் சர்வரில் மட்டும் உருவாகி ஓடும். பழைய ஃபோல்டரைக் காலி செய்யாமல் அதன்மேல் புதியதைப் பிரதி எடுக்கும் பழக்கம் இதைத்தான் செய்கிறது. பதிப்பு எண் கோப்புப் பெயரிலேயே இருப்பதால் பழையது அழிவதில்லை; பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

எந்த ஜாரிலிருந்து வந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஜாவாவை -வெர்போஸ்:கிளாஸ் என்ற விருப்பத்தோடு தொடங்கினால், ஏற்றும் ஒவ்வொரு கிளாஸுக்கும் அது வந்த கோப்பின் பாதையை எழுதிக்கொண்டே போகும். பட்டியல் மிக நீளமாக இருக்கும்; சந்தேகத்துக்குரிய பெயரை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். நிரலுக்குள்ளிருந்தும் கேட்கலாம்: கிளாஸின் புரொடெக்‌ஷன்டொமைனிலிருந்து கோட்சோர்ஸை எடுத்து, அதன் லொகேஷனை அச்சிட்டால் ஜாரின் முழுப் பாதை வந்துவிடும். அரை நாள் விவாதத்தை முடித்துவைக்கும் ஒற்றை வரி அது.

## எதை எங்கே வைப்பது?

செயலிக்கு வேண்டியது எல்லாம் அதன் வார் கோப்புக்குள்ளேயே இருக்கட்டும். சர்வரின் லிப்பில் டாம்கேட்டோடு வந்தவற்றைத் தவிர வேறு எதையும் வைக்க ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். "எல்லாச் செயலிக்கும் பொது, இடம் மிச்சம்" என்று பொது லிப்பில் ஜார்களைக் குவிப்பது பழைய காலத்துச் சிக்கனம். டாம்கேட் 5.5 வரை காமன், ஷேர்டு, சர்வர் என்று மூன்று தனி ஃபோல்டர்களே இதற்காக இருந்தன. டாம்கேட் 6-இல் அவற்றை ஒரே லிப்பாக்கிவிட்டார்கள். பொதுவில் வைத்த ஒரு ஜாரை ஒரு செயலிக்காக மாற்றினால், தொடர்பே இல்லாத இன்னொரு செயலி சாயும். வட்டில் மிச்சமாகும் சில மெகாபைட்டுக்கு இது மிக அதிக விலை.

பொது லிப்பில் வைக்க நியாயமான காரணங்கள் உண்டு:

1. டாம்கேட்டே டேட்டாசோர்ஸை உண்டாக்கும்போது அதற்கான தரவுத்தள டிரைவர். அங்கே மட்டும், ஒரே பிரதி.
2. சி மொழியில் எழுதிய நேட்டிவ் கோப்பை ஏற்றும் ஜார்கள். ஒரு நேட்டிவ் கோப்பை ஒரு நேரத்தில் ஒரு லோடர்தான் ஏற்ற முடியும். இரண்டு செயலிகள் தனித்தனியே முயன்றால் இரண்டாவது அன்சாட்டிஸ்ஃபைடுலிங்க்எரர் கொடுத்து விழும்.
3. இரண்டு செயலிகள் நினைவகத்தில் உள்ள ஒரே பொருளை உண்மையிலேயே பகிர்ந்துகொள்ள வேண்டிய அரிய நிலை.

டிரைவரை வெப்-இன்ஃப்/லிப்பில் வைத்துச் செயலியே நேரடியாக இணைப்பைத் திறப்பதானால் ஒரு குறிப்பு. புதிய டிரைவர்கள் தங்களைத் தாங்களே பதிவு செய்துகொள்ளும் என்று பாடங்களில் படித்திருப்போம். டாம்கேட்டில் அதை நம்ப முடியாது. நினைவகக் கசிவைத் தடுக்க, டிரைவர்களைத் தேடும் அந்த வேலையை டாம்கேட் தான் தொடங்கும்போதே ஒருமுறை செய்து முடித்துவிடுகிறது. அந்த நேரத்தில் செயலியின் லிப் அதன் பார்வையில் இல்லை. அதனால் டிரைவர் கிளாஸின் பெயரைச் சொல்லி நாமே ஏற்ற வேண்டும். கனெக்‌ஷன் பூல் லைப்ரரிகளின் அமைப்பில் டிரைவர் பெயருக்கு ஓர் இடம் இருப்பது இதற்கும் உதவுகிறது.

ஜாவாவை நிறுவிய இடத்துக்குள் இருந்த லிப்/எக்ஸ்ட் ஃபோல்டரில் ஜார்களைப் போடும் வழக்கம் ஒன்றும் இருந்தது. 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9 அந்த ஏற்பாட்டையே நீக்கிவிட்டது. அந்தப் பெயரில் ஃபோல்டர் இருந்தாலே ஜாவா தொடங்க மறுக்கும்.

## பெயர் மாறிய லைப்ரரிகள்

ஜாவா பதிப்பையோ சர்வர் பதிப்பையோ உயர்த்தும்போது வரும் இரண்டு அதிர்ச்சிகளையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று, 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11. எக்ஸ்எம்எல் கையாளும் ஜாக்ஸ்பி, வெப் சர்வீஸுக்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் போன்றவை அதுவரை ஜாவாவோடு சேர்ந்தே வந்தன. ஜாவா 11-இல் எடுக்கப்பட்டுவிட்டன. ஜாவா 8-இல் ஓடிய செயலி 11-இல் ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் இல்லை என்று சொன்னால், அந்த லைப்ரரியை இனி நாமே வார் கோப்புக்குள் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று டாம்கேட் 10. நிறுவனங்களுக்கான ஜாவா இஇ தொகுப்பை ஆரக்கிள் 2017-இல் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. ஆனால் ஜாவாக்ஸ் என்ற பெயர்வெளியின்கீழ் புதிய மாற்றங்களைச் செய்யும் உரிமை கிடைக்கவில்லை. அதனால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9 எல்லாப் பேக்கேஜ்களின் தொடக்கத்தையும் ஜாவாக்ஸிலிருந்து ஜகார்த்தா என்று மாற்றியது. டாம்கேட் 9 ஜாவாக்ஸ் பக்கம், 10-உம் அதற்குமேலும் ஜகார்த்தா பக்கம். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 என்ற ஃபிரேம்வொர்க்கும் ஜகார்த்தா பக்கம்தான்.

இதில் மனத்தை நோகடிப்பது, பிழை சத்தமில்லாமல் வருவது. பழைய பெயர்களோடு உள்ள வார் கோப்பை டாம்கேட் 10-இல் வைத்தால், நிரலுக்குள் எழுதும் அனோட்டேஷன் குறிப்பால் மட்டும் பதிவான சர்வ்லெட்டுகளை அது அடையாளம் காணாது. செயலி ஏறியதாகவே பதிவேடு சொல்லும். எந்த முகவரியைத் தட்டினாலும் 404 வரும். அப்பாச்சியே தரும் மாற்றுக் கருவியால் வார் கோப்பை மாற்றலாம். வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்ற ஃபோல்டரில் பழைய வார் கோப்பை வைத்தால் டாம்கேட் தானே மாற்றிக்கொள்ளும். கையால் தேடி மாற்றுபவர்கள் எல்லா ஜாவாக்ஸையும் மாற்றிவிடக் கூடாது. ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ்.நேமிங், ஜாவாக்ஸ்.கிரிப்டோ ஆகியவை ஜாவாவின் அடிப்படையைச் சேர்ந்தவை. பழைய பெயரிலேயே இருக்கின்றன.

## மேவன், கிரேடில்

ஜார்களைக் கையால் பொறுக்கிப் போடும் காலம் போய்விட்டது, அது நல்லது. ஆனால் மேவன், கிரேடில் போன்ற பில்ட் கருவிகள் மோதல்களை எப்படித் தீர்க்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். நாம் கேட்ட ஒரு லைப்ரரி தன் துணைகளை இழுத்துவரும், அவை தங்கள் துணைகளை இழுத்துவரும். ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் அந்த மரத்தில் வந்துவிட்டால், மேவன் வேருக்கு அருகில் உள்ளதை எடுக்கும். அது பழைய பதிப்பாகவும் இருக்கலாம். கிரேடில் வழக்கமாக உயர்ந்த பதிப்பை எடுக்கும். ஒரே செயலியை மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாற்றியதும் நடத்தை மாறுவதற்கு இந்த வேறுபாடு காரணமாக இருக்கலாம். மேவனின் டிபென்டன்சி ட்ரீ கட்டளை எது யாரால் உள்ளே வந்தது என்று முழு மரத்தையும் காட்டும். முக்கியமான லைப்ரரிகளின் பதிப்பை டிபென்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் நாமே பூட்டிவிடுவது பாதுகாப்பு.

சர்வரிடம் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு புரொவைடடு என்ற ஸ்கோப். கம்பைலுக்குப் பயன்படும், வார் கோப்புக்குள் போகாது. சர்வ்லெட் ஏபிஐ-க்கும், பொது லிப்பில் வைத்த டிரைவருக்கும் இது அவசியம். மேலே சொன்ன போஸ்ட்கிரெஸ் சிக்கல் இந்த ஒரு சொல்லைக் குறித்திருந்தால் வந்திருக்காது.

## மீண்டும் லாக்4ஜே: எங்கே தேடுவது?

இப்போது தொடக்கத்தில் வைத்த கேள்விக்குத் திரும்பலாம். ஒரு லைப்ரரியின் குறிப்பிட்ட பதிப்பு சர்வரில் இருக்கிறதா என்று தேடும்போது பார்க்க வேண்டிய இடங்கள்:

1. ஒவ்வொரு செயலியின் வெப்-இன்ஃப்/லிப். கோப்புப் பெயரில் பதிப்பு எண் இல்லாமல் இருந்தால், ஜாருக்குள் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் உள்ள மேனிஃபெஸ்ட் கோப்பைப் பார்க்க வேண்டும்.

2. டாம்கேட்டின் லிப், அதோடு கேட்டலினா.பிராபர்ட்டீஸ் கோப்பில் காமன், ஷேர்டு, சர்வர் லோடர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கும் ஃபோல்டர்கள். முன்னால் வேலை பார்த்த யாரோ சேர்த்த ஒரு பாதை அங்கே இருக்கலாம்.

3. ஜாருக்குள் ஜார். ஸ்பிரிங் பூட் செயலிகளில் லைப்ரரிகள் எல்லாம் பூட்-இன்ஃப்/லிப் என்ற இடத்தில் பெரிய ஜாருக்குள்ளேயே அடங்கியிருக்கும். வட்டில் கோப்புப் பெயரை வைத்துத் தேடினால் இவை அகப்படாது. ஒவ்வொரு ஜாரையும் திறந்து உள்ளே பார்க்க வேண்டும்.

4. கரைத்துச் சேர்த்தவை. சில லைப்ரரிகள் பிறருடைய கிளாஸ்களைத் தங்கள் ஜாருக்குள் கலந்துவிடும், சில நேரம் பேக்கேஜ் பெயரையும் மாற்றிவிடும். இங்கே ஜாரின் பெயர் உதவாது. கிளாஸின் பெயரைத் தேட வேண்டும். லாக்4ஷெல்லில் குற்றவாளி ஜேஎன்டிஐலுக்அப் என்ற கிளாஸ். உடனே பதிப்பை மாற்ற முடியாதவர்களுக்கு ஜாரைத் திறந்து அந்த ஒரு கிளாஸை மட்டும் நீக்கும் வழியும் சொல்லப்பட்டது. ஜார் என்பது ஜிப் என்பதால் அது முடிந்தது.

தேடிக் கிடைத்ததில் எது ஆபத்து என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. லாக்4ஜே-ஏபிஐ ஜார் மட்டும் இருந்து லாக்4ஜே-கோர் இல்லை என்றால் அந்த ஓட்டை இல்லை.

மாற்றும்போது ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் ஜார்மேல் புதியதை எழுதக் கூடாது. சர்வரை நிறுத்தி, செயலியின் ஃபோல்டரை முழுவதும் நீக்கி, கம்பைல் ஆன ஜேஎஸ்பிகள் தங்கும் வொர்க் ஃபோல்டரில் அந்தச் செயலிக்கு உரியதையும் காலி செய்து, புதிய வார் கோப்பை வைத்துத் தொடங்குவதே சரி. நிறுத்தாமல் ரீடெப்ளாய் (செயலியை மட்டும் மறுபடி ஏற்றுதல்) செய்தால் டாம்கேட் பழைய லோடரைக் கைவிட்டுப் புதிய லோடரை உண்டாக்கும். ஆனால் பழைய செயலி தொடங்கிவிட்ட ஒரு த்ரெட் (தனியே ஓடும் வேலை இழை) நிற்காமல் ஓடினாலும், த்ரெட்லோக்கலில் ஒரு பொருள் மாட்டிக்கொண்டிருந்தாலும், அந்தப் பழைய லோடரும் அது ஏற்றிய அத்தனை கிளாஸ்களும் நினைவகத்தை விட்டுப் போகாது. ஒவ்வொரு ரீடெப்ளாய்க்கும் ஒரு அடுக்கு சேர்ந்து, கிளாஸ்கள் தங்கும் நினைவகப் பகுதியை (ஜாவா 7 வரை பெர்ம்ஜென், ஜாவா 8-லிருந்து மெட்டாஸ்பேஸ்) நிரப்பும். வட்டில் இருந்த ஜாரை மாற்றிவிட்டோம் என்று பட்டியலில் குறி போட்ட பிறகும், அந்த நிற்காத த்ரெட் பழைய லாக்4ஜே கிளாஸையே அழைத்துக்கொண்டிருக்கும். சர்வரின் ஜாவா புராசஸ் கடைசியாக எப்போது தொடங்கியது என்பதையும் ஜார் மாற்றிய நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.